மாத மளிகைச் செலவு கைக்குள் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைச் செலவு பற்றிப் பேச்சு வந்தாலே வீட்டில் ஒருவர் தலைகுனிவார். சாமான் வாங்கும் பொறுப்பில் இருப்பவர் அவர். "எப்படி இவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. வேண்டாததை அவர் வாங்கியிருக்கமாட்டார். அவ்வப்போது தீர்ந்ததை, கேட்டதை, கண்ணில் பட்டதை வாங்கியிருப்பார், அவ்வளவுதான். பல வருடம் அந்த இடத்தில் நின்றவள் நான். அந்தப் பொறுப்பில் இருப்பவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

மளிகை பட்ஜெட்டில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

சமைக்க வாங்குவது எல்லாம் சேரும். பால், காய்கறி, பழம், முட்டை போன்ற தினசரிச் சாமான்களையும் விடக்கூடாது. பலர் மாத முதலில் வாங்கும் பெரிய சரக்கை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு, இவற்றைச் சில்லறைச் செலவில் தள்ளிவிடுகிறார்கள். பட்ஜெட் ஓட்டையாவது அங்கேதான்.

சோப்பு, துணி துவைக்கும் பொடி, பாத்திரம் தேய்ப்பது, டாய்லெட் சாமான் ஆகியவற்றைச் சேர்ப்பதும் தனியாக வைப்பதும் உங்கள் வசதி. ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்குகிறீர்கள் என்றால் சேர்த்தே வையுங்கள். ஒவ்வொரு பில்லையும் பிரித்துக் கூட்டும் வேலை இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். வெளியே சாப்பிடுவதை மட்டும் தனித் தலைப்பில் எழுதுங்கள். அதை மளிகையோடு கலந்தால் எது ஏறியது, எது இறங்கியது என்றே தெரியாது.

வருமானத்தில் எத்தனை சதவீதம் மளிகைக்குச் சரி?

எல்லோருக்கும் பொருந்தும் சதவீதம் என்று ஒன்று கிடையாது. 1857இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒன்றைக் கவனித்தார்: குடும்பத்தின் வருமானம் குறைவாக இருக்க இருக்க, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு அதிகமாகிறது. இன்றும் பொருளியலில் இதற்கு எங்கல் விதி என்றே பெயர். ஆகவே யாரோ சொன்ன சதவீதத்தை விட உங்கள் வீட்டில் கூடுதலாக ஆகிறது என்றால், நீங்கள் ஊதாரி என்று அர்த்தமில்லை. வருமானம் குறைவு, ஆட்கள் அதிகம், வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுகூட இருக்கலாம்.

உங்களுக்கான தொகையை உங்கள் வீடுதான் சொல்ல வேண்டும். முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள். எப்போதும் போல வாங்கி, வாங்கியதை எழுதிக்கொண்டே வாருங்கள். முடிந்தால் இரண்டு மாதம். அப்புறம் அந்தத் தொகையிலிருந்து 5 முதல் 10 சதவீதம் குறைத்து இலக்கு வையுங்கள். முதல் மாதமே பாதியாகக் குறைக்கிறேன் என்று கிளம்பினால் மூன்றாம் வாரம் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். நான்காம் வாரம் அந்த எரிச்சலே பெரிய பில்லாக வந்து நிற்கும்.

எழுதிவைப்பது அலுப்பாக இருக்கிறது. எழுதாமல் முடியாதா?

நினைவை நம்பினால் நடக்காது. பெரிய பில் நினைவில் நிற்கும், சின்னச் சின்ன வாங்கல் நிற்காது. நாம் தேடுவதோ அந்தச் சின்ன வாங்கலைத்தான்.

ஆனால் நிறைய எழுத வேண்டியதில்லை. பில்லின் பின்புறம் ஏன் கடைக்குப் போனீர்கள் என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: "பால்", "விருந்தாளி", "மறந்தது", "சும்மா". பில் தராத இடத்தில் வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையும் அந்த ஒரு சொல்லும் போதும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, வாரம் ஒருமுறை கூட்டுங்கள். பத்து நிமிடம் ஆகாது.

ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வீட்டுச் செலவுக்கென்றே ஒரு கணக்குப் புத்தகத்தை வெளியிட்டார். ககெய்போ என்று அதைச் சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் அங்கே குடும்பங்கள் அந்த முறையைப் பின்பற்றுகின்றன. எத்தனையோ ஆப் வந்துவிட்ட காலத்திலும் கையால் எழுதுவதில் ஒரு பலன் இருக்கிறது: எழுதும் அந்த நொடியில் செலவை இன்னொரு தடவை பார்க்கிறோம்.

மாசக் கடைசியில் எப்போதும் பணம் தீர்ந்துவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று வெறும் கணக்கு.

மாதத்துக்கு நான்கு வாரம் என்று எல்லோரும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். மாதமோ சராசரியாக 30.4 நாள். உங்கள் மாதத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கால் வகுத்து வாரம் 25 பங்கு செலவழித்தால் 28ஆம் நாளே கையில் ஒன்றும் இருக்காது. மிச்சமுள்ள இரண்டு மூன்று நாளைக்குக் கடன்தான், இல்லையென்றால் அடுத்த மாதத்துத் தொகையில் கைவைக்க வேண்டும். அப்படிக் கைவைத்தால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரமே தீரும். வாரத்துக்கு 23 பங்குதான் சரியான அளவு. இந்த 2 பங்கு வித்தியாசம் தெரியாமல் பல வருடம் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது காரணம், பணத்தை ஒரே குவியலாக வைப்பது. மாத முதலில் கை தாராளமாக இருக்கும். பெரிய சரக்கு வாங்கும்போதே முக்கால்வாசி போய்விடும். மூன்றாம் வாரம் காய்கறி வாங்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் தொகை கைக்கு வந்த அன்றே மூன்றாகப் பிரியுங்கள். நான் பிரிப்பது இப்படி: கெட்டுப்போகாத சரக்குக்கு 50, பால், காய், பழம் போன்ற பச்சைச் சாமானுக்கு 40, எதிர்பாராததற்கு 10. அந்த 40ஐ வாரம் 9 என்று எடுத்தால் நான்கு வாரத்துக்கு 36. மீதி 4 கடைசி இரண்டு மூன்று நாளைக்கு. உங்கள் வீட்டில் 60, 30, 10 என்றுகூட வரலாம். விகிதத்தைவிட முக்கியம், பச்சைச் சாமான் பணத்தைச் சரக்குப் பணத்தோடு கலக்காமல் இருப்பது.

பட்டியல் எழுதிக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் கூடுதலாகிறது.

பட்டியலை எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதினால், தீர்ந்திருக்கும் என்று நினைப்பதைத்தான் எழுதுவீர்கள். அலமாரி முன்னால் நின்று, டப்பாவைத் திறந்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டு வரை பார்த்து எழுதுங்கள். ஒருமுறை இப்படிப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஒரே சாமானில் பிரிக்காத பாக்கெட் நான்கு இருந்தது. ஒவ்வொரு மாதமும் "இருக்கிறதோ இல்லையோ" என்று ஒன்று வாங்கியதன் பலன்.

அளவையும் எழுதுங்கள். "எண்ணெய்" என்று மட்டும் எழுதினால் கடைதான் அளவை முடிவு செய்யும். "எண்ணெய் 1 லிட்டர்" என்றால் நீங்கள் முடிவு செய்ததாக ஆகும்.

அப்புறம், கடையின் அமைப்பையும் தெரிந்துகொள்வது நல்லது. முன்பெல்லாம் பட்டியலைக் கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் எடுத்துத் தருவார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே அலமாரிகளுக்கு நடுவே நடந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். 1937இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி, கைக்கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுவதைப் பார்த்து, சக்கரம் வைத்த தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். நாம் நிறுத்தாமல் வாங்கவே வண்டி வந்தது. ஆகவே பட்டியலில் பத்துச் சாமானுக்குள் இருந்தால் வண்டியைத் தொடாமல் கைக்கூடை எடுங்கள். கை வலிக்கும்போது மனசும் கணக்குப் பார்க்கும்.

வாரத்துக்கு எத்தனை தடவை கடைக்குப் போகலாம்?

முடிந்தவரை குறைவாக. ஒரு பொருளுக்கென்று போய் ஒரே பொருளோடு திரும்பிய நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் சமையலில் ஒன்று இல்லை என்றால் அது இல்லாமலே சமைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

மொத்தமாக வாங்கினால் லாபமா?

கெட்டுப்போகாத, நீங்கள் கட்டாயம் தீர்க்கப்போகிற சாமானுக்கு லாபம்தான். அதற்கும் ஒரு கணக்குப் போட வேண்டும். பெரிய பாக்கெட், சிறிய பாக்கெட் இரண்டின் விலையையும் எடையால் வகுத்து, கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். போனிலேயே போட்டுவிடலாம். பெரியது எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள். சில சமயம் நடுத்தரப் பாக்கெட்தான் மலிவாக இருக்கும்.

கெட்டுப்போகும் சாமானில் கணக்கு தலைகீழாகும். பெரிய பாக்கெட் 20 சதவீதம் மலிவாகக் கிடைத்தது, அதில் கால்வாசி கெட்டுப்போனது என்று வையுங்கள். நீங்கள் 80 கொடுத்து 75 சாப்பிட்டிருக்கிறீர்கள். தேவையான அளவு மட்டும் வாங்கியிருந்தால் 75க்கு 75தான் ஆகியிருக்கும். தள்ளுபடியில் வாங்கியும் நஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டப்பா நிறைய இருக்கும்போது கை தாராளமாக அள்ளும். மொத்தமாக வாங்கியதில் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சமையலறை டப்பாவில் கொட்டி, மீதியை உள்ளே தள்ளிவையுங்கள். நொறுக்குத்தீனிக்கு இது ரொம்பவே பொருந்தும்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" போன்றவற்றை என்ன செய்வது?

பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் கடந்துபோங்கள். மூன்றையும் பயன்படுத்தினால்தான் 33 சதவீதம் மிச்சம். ஒன்று வீணானால் மிச்சம் பூஜ்யம்.

அதே சாமான், அதே விலை. ஆனால் சீக்கிரம் தீர்கிறதே?

பாக்கெட்டின் எடையைப் பாருங்கள். விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. 500 கிராம் இருந்தது 450 கிராம் ஆகி, விலை அப்படியே இருந்தால் கிராமுக்கு 11 சதவீதம் விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பழைய பாக்கெட் உறை ஒன்றை எடுத்துவைத்து ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும். உங்கள் வீட்டில் யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் எடையைப் பார்த்துவிடுங்கள்.

விலைவாசி ஏறுகிறதா, நாங்கள் அதிகம் வாங்குகிறோமா? எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போதும் வாங்கும் 15 சாமான்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விலையை மாதத்தில் ஒரே நாளில், கிலோ அல்லது லிட்டர் கணக்கில் எழுதிவாருங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் மாத அளவால் பெருக்கிக் கூட்டினால் உங்கள் வீட்டுக்கே உரிய விலைக் குறியீடு தயார். அந்தக் கூட்டுத்தொகை 6 சதவீதம் ஏறியிருந்து, உங்கள் மொத்தச் செலவும் 6 சதவீதம் ஏறியிருந்தால் உங்கள் மேல் தவறில்லை. பட்ஜெட்டை ஏற்றுங்கள், அல்லது விலை ஏறிய சாமானுக்கு மாற்று தேடுங்கள். விலை 6 ஏறி, செலவு 15 ஏறியிருந்தால்தான் பில்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பட்ஜெட்டைக் கல்வெட்டு மாதிரி வைத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தலாம்.

வீணாவதைக் குறைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

நாம் நினைப்பதைவிட அதிகம். 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் 60 சதவீதம், அதாவது சுமார் 63 கோடி டன், வீடுகளில் வீணானது. ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இதில் சேர்த்திதான். அப்படியும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 6 கிலோ வருகிறது. உங்கள் வீட்டில் எவ்வளவு என்று அறிய ஒரே ஒரு வாரம், குப்பையில் போடும் ஒவ்வொரு உணவுப் பொருளையும் எழுதுங்கள். ஒரே சாமான் மறுபடி மறுபடி வந்தால் அடுத்த முறை அதைப் பாதி வாங்குங்கள். பட்ஜெட்டைக் குறைக்க இதைவிட வலியில்லாத வழி எனக்குத் தெரியாது. தட்டில் எதுவும் குறையாது.

வைக்கும் முறையிலும் நிறைய இருக்கிறது. புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுங்கள். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் போன்றவை எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரையும் காயும் அதனால் சீக்கிரம் வாடும். தனித்தனியாக வையுங்கள். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சியதை மறுநாள் நம்பிச் சாப்பிட வேண்டுமென்றால் இது அவசியம்.

பாக்கெட்டில் உள்ள தேதியிலும் இரண்டு வகை உண்டு. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது சுவை, தரம் பற்றியது. அந்தத் தேதி தாண்டியும் ஒழுங்காக மூடிவைத்த உலர்ந்த சாமான் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு பற்றியது. அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைப்பதில்லை. என்ன செய்வது?

தொகை அவர்களுக்குத் தெரியுமா? பல வீடுகளில் பட்ஜெட் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது "வேண்டாம்" என்ற சொல்லாகத்தான் வந்து சேர்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, இந்த வாரத்துக்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு என்று இரண்டே எண் எழுதுங்கள். பேச்சு தானாக மாறும்.

ஆளுக்கு ஒரு விருப்பச் சாமான் என்று பட்டியலிலேயே இடம் கொடுங்கள். பிள்ளைகளாக இருந்தால் ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, அதற்குள் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் வீட்டில் சின்னவள் இரண்டு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடையை ஒப்பிட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் சின்னதல்ல. வயதானவர்களின் மருந்து, பத்தியச் சாப்பாடு இவற்றில் பேரம் வேண்டாம். அவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பட்ஜெட் போடுங்கள்.

விருந்தாளி வந்தால் பட்ஜெட் உடைகிறதே?

மூன்று மாதத்து எழுத்தைப் பார்த்தால் விருந்துச் செலவு இல்லாத மாதமே இல்லை என்று தெரியும். அப்படியானால் அது எதிர்பாராத செலவே இல்லை. அந்த 10 பங்கு இதற்குத்தான். வராத மாதம் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். வந்தவர்களுக்கு மனம் நிறையப் போட வேண்டும், அப்புறம் அதை நினைத்து வருந்தவும் கூடாது. இரண்டுக்கும் வழி அந்த ஒதுக்கீடுதான்.

ரொக்கமா, கார்டா? ஆன்லைனில் வாங்கலாமா?

ரொக்கத்தை உறைகளில் பிரித்து வைத்தால் குறைவது கண்ணுக்குத் தெரியும். கட்டுப்பாடு கஷ்டமாக இருப்பவர்களுக்கு முதல் மூன்று மாதம் இதையே சொல்வேன். போனில் கட்டுவதுதான் வசதி என்றால் மளிகைக்கென்று தனிக் கணக்கு வைத்து, மாதத் தொகையை மட்டும் அதில் போடுங்கள். கிரெடிட் கார்டில் மளிகை வாங்கி, முழுத்தொகையும் கட்ட முடியாமல் வட்டி ஏறுகிறது என்றால் அதை உடனே நிறுத்துங்கள். சாப்பிட்டு முடித்த சாப்பாட்டுக்கு வட்டி கட்டுவது மாதிரி வேறு வேதனை இல்லை.

ஆன்லைனில் ஒரு நன்மை, கூட்டுத்தொகை கண்முன்னே நிற்கும், எடுத்ததைத் திருப்பி வைப்பது சுலபம். தீமை, இலவச டெலிவரிக்காக இன்னும் கொஞ்சம் சேர்க்கத் தோன்றுவது. கூடையை இரவில் நிரப்பி, காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மாதா மாதம் ஒரே வருமானம் வருவதில்லை. பட்ஜெட் போட முடியுமா?

முடியும். கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை அடிப்படையாக வைத்துப் போடுங்கள். நல்ல வரவு வந்த மாதத்தில் கெட்டுப்போகாத சரக்கைக் கூடுதலாக ஒரு மாதத்துக்கு வாங்கிவையுங்கள். வரவு மெலிந்த மாதத்தில் பச்சைச் சாமான் பணம் மட்டும் இருந்தால் போதும், வீடு ஓடும்.

எல்லாம் செய்துவிட்டோம். இன்னும் போதவில்லை.

அப்படியானால் பிரச்சினை மளிகையில் இல்லை. ஓர் அளவுக்குக் கீழே சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. பெரும்பாலும் முதலில் குறைவது சமைக்கிறவரின் தட்டு. அது யாருக்கும் தெரிவதும் இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடகை, கடன் தவணை, சந்தாக்கள் போன்ற மற்ற தலைப்புகளைத் திறந்து பாருங்கள். அரசு தரும் உணவு உதவிக்கு உங்களுக்குத் தகுதி இருந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. வீட்டில் சம்பாதிக்கிறவர்களோடு உட்கார்ந்து, எழுதிய கணக்கை வைத்துப் பேசுங்கள். வெறும் வாய்ப்பேச்சில் "போதவில்லை" என்றால் சண்டை வரும். மூன்று மாதத்துப் பில்லும் விலைப்பட்டியலும் கையில் இருந்தால் அவர்களும் யோசிப்பார்கள்.

இந்த மாதம் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் அந்தத் தொகையைக் கழிக்க வேண்டுமா?

வேண்டாம். கழித்தால் அடுத்த மாதமும் தாண்டும், அதற்கடுத்த மாதம் எழுதுவதையே விட்டுவிடுவீர்கள். எவ்வளவு தாண்டியது, பில்லின் பின்னால் எந்தச் சொல் அதிகம் வந்தது என்று மட்டும் பாருங்கள். "மறந்தது" அதிகமா? அலமாரியைப் பார்க்காமல் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். "சும்மா" அதிகமா? கடைக்குப் போகும் நாளை ஒன்று குறையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். அது பழகிய பிறகு அடுத்ததைத் தொடலாம்.